தெய்வப் பிரமாணமும் சேரி நத்தமும்

1843ஆம் ஆண்டில், ஆறு வார இடைவெளியில், பூகோளத்தின் இரு வேறு திசைகளில் நடந்த இரண்டு காரியங்கள், ஒன்றையொன்று அறியாமலேயே செங்கற்பட்டுச் சீமையின் சேரிகளை நோக்கிப் புறப்பட்டன என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையக் கூடும். ஏப்ரல் 7ஆம் தேதி, இந்திய கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபை அந்த ஆண்டின் ஐந்தாம் சட்டத்தை இயற்றியது. ஒரு மனிதன் இன்னொருவனுக்கு அடிமை என்ற பாத்தியதையை இனிக் கிழக்கிந்தியக் கும்பினியின் எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது என்பது அதன் சாரம். மே 18ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில், அந்நாட்டுத் திருச்சபையின் பொது மன்றம் கூடியிருந்தபோது, தலைவராயிருந்த டேவிட் வெல்ஷ் எழுந்து ஓர் ஆட்சேபப் பத்திரத்தைப் படித்து மேசைமீது வைத்துவிட்டு, அரசப் பிரதிநிதியை வணங்கி வெளியேறினார். அவரைத் தொடர்ந்து தாமஸ் சால்மர்ஸும், பின்னர் அணி அணியாகக் குருமார்களும் வெளியேறி, தான்ஃபீல்டு மண்டபத்தில் கூடி, சுதந்தரத் திருச்சபை என்ற புதுச் சபையை ஸ்தாபித்தார்கள். சம்பளத்தையும் வீட்டையும் கோயிலையும் ஒரே நாளில் துறந்த குருமார்களின் தொகை 474 என்று அச்சபையார் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

இத்தனை பெரிய தியாகத்திற்குக் காரணமாயிருந்த வழக்கு மிகச் சிறியது. ஆக்டரார்டர் என்ற சிற்றூரின் சபைக்குக் குருவாக ராபர்ட் யங் என்பவரைக் கின்னூல் பிரபு 1834இல் நியமித்தார்; அவ்வூரில் வாக்குரிமை பெற்றிருந்த 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் அவர் வேண்டாம் என்றனர். சபை மக்கள் வேண்டாம் என்பவரைச் சபைமேல் திணிக்கலாகாது என்று திருச்சபை விதி செய்துகொண்டிருந்தது; குருவை நியமிப்பது நிலப்பிரபுவின் சொத்துரிமை என்று நாட்டுச் சட்டம் சொல்லிற்று. 1838இல் எடின்பரோ நீதிமன்றமும், 1839இல் லண்டன் பிரபுக்கள் சபையும் பிரபுவின் பக்கமே தீர்ப்பளித்தன. ஆத்துமாக்களை மேய்க்கும் பொறுப்பு ஒரு ஜமீன்தாரின் ஆஸ்திக் கணக்கில் சேர்ந்ததா, அன்றிக் கிறிஸ்து ஒருவரே தலைவராயிருக்கும் சபைக்குச் சேர்ந்ததா என்று கேட்டவர்கள், தீர்ப்பை மீறிக் கலகம் செய்யவுமில்லை, அதற்குப் பணிந்துபோகவுமில்லை. அரசு கொடுத்த அனைத்தையும் அரசிடமே விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

அவர்கள் புதிதாக ஒரு கோட்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். சென்ற பகுதிகளில் விரிவாகக் கண்டபடி, எருசலேமின் ஆலோசனைச் சங்கம் பிரசங்கம் செய்யலாகாது என்று தடை விதித்தபோது, மனிதர் கட்டளைக்கு மேலாகத் தெய்வக் கட்டளைக்கே கீழ்ப்படிவோம் என்ற கருத்துப்பட அப்போஸ்தலனாகிய பேதுரு மறுமொழி கூறியதும், அதற்கு எதிர்த்திசையில் நிற்பதுபோலத் தோன்றும் வகையில், ஆளும் அதிகாரங்கள் தெய்வத்தால் நியமிக்கப்பட்டவை, ஆகவே அவற்றிற்கு அடங்குக என்று பவுல் ரோமாபுரியாருக்கு எழுதியதும், கிறிஸ்தவ சிந்தனையின் இரண்டு கரைகளாக அன்றுமுதல் இன்றுவரை நிற்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினா அவ்விரண்டையும் இணைத்துப் பார்த்து, மனிதர் இயற்றும் சட்டம் பொதுநன்மையைக் கருதாமலோ, இயற்றியவரின் அதிகார எல்லையை மீறியோ, சுமையைச் சமமின்றிப் பங்கிட்டோ அமையுமானால், அது மனச்சாட்சியைப் பிணைக்கும் சட்டமாகாது, பலாத்காரமேயாகும் என்று முடிவு கட்டினார். ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மெல்வில் 1596இல் ஜேம்ஸ் மன்னரின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு, இந்நாட்டில் இரண்டு ராஜ்யங்கள் உண்டு, கிறிஸ்துவின் ராஜ்யத்தில் நீர் அரசரல்லர், ஓர் அங்கத்தினர் மட்டுமே என்று சொன்ன துணிவும் இந்த மரபில் வந்ததே.

ஆயினும் ஒரு கோட்பாட்டின் பெருமையை அது எழுதப்பட்ட ஏட்டில் அளப்பதைவிட, அது யாருடைய வாசல்வரை வந்து சேர்ந்தது என்பதைக் கொண்டு அளப்பதே நியாயம் என்பது இத்தொடரை எழுதுபவனின் துணிபு. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடலோரமாகச் சென்றால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைக் காணலாம். செங்கல் மதிலுக்கு உள்ளே, தனிச்சுவர் எழுப்பிய சிறிய கல்லறைத் தோட்டமொன்று உண்டு. கிடையாகப் பதித்த பெரிய கற்பலகைகளில் டச்சு எழுத்துக்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்க, குலச் சின்னங்களும் மண்டையோடும் ஓரச் சித்திரங்களும் உப்புக்காற்றில் இருநூறு முந்நூறு ஆண்டு நின்றும் தெளிவு கெடாமல் விளங்குகின்றன. அங்கே உறங்குபவர்கள் ஞாயிறுதோறும் வேதம் கேட்ட சீர்திருத்தச் சபையினர். அவர்களுடைய வர்த்தகக் கும்பினியோ, பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையில் பஞ்சம் தலைகாட்டிய போதெல்லாம், பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்களைக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகளாகக் கொண்டுபோயிற்று. வேதம் கோட்டைக்குள் இருந்தது. அதன் பிரமாணம் துறைமுகம் வரைகூடச் செல்லவில்லை.

சுதந்தரத் திருச்சபையின் கதை இதைவிடக் கண்ணியமானது, ஆனால் அதுவும் நேர்கோட்டில் செல்லவில்லை. 1837இல் சென்னைக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன், அடுத்த ஆண்டே ஒரு சோதனையை எதிர்கொண்டார். பறையர் குலத்துப் பிள்ளைகள் சிலர் மற்றவரைப்போல் நெற்றிக் குறியிட்டுக்கொண்டு வகுப்பில் அமர்ந்து படிப்பது தெரியவந்தபோது, அவர்களை நீக்கவேண்டும், அல்லது தனிப் பலகையிலாவது உட்காரவைக்க வேண்டும் என்று மேற்குலத்துப் பெற்றோர் திரண்டு வந்து கேட்டனர். ஆண்டர்சன் இரண்டிற்கும் இணங்கவில்லை. பெருந்தொகையான மாணவர்கள் வெளியேறினார்கள், பள்ளி வெறிச்சோடியது, ஆனாலும் அந்தப் பிள்ளைகள் தம் இடத்திலேயே இருந்தார்கள். 1843இன் பிளவுச் செய்தி கப்பலில் வந்து சேர்ந்ததும், ஆண்டர்சனும் அவருடைய தோழர்களான ஜான்ஸ்டன், பிரெய்டுவுட் இருவரும் சுதந்தரத் திருச்சபையின் பக்கமே நின்றனர். காஞ்சிபுரம், செங்கற்பட்டு முதலிய ஊர்களில் அவர்கள் நிறுவிய கிளைப் பள்ளிகளும் அச்சபையின் உடைமையாயின. செங்கற்பட்டிலுள்ள செயிண்ட் கொலம்பாஸ் பள்ளி அந்தப் பரம்பரையின் வாரிசு.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் எழுதியாக வேண்டும். கிறிஸ்துவின் தலைமைக்காக அரசின் பணத்தை உதறியெறிந்த அதே சபை, தன் புதுக்கோயில்களைக் கட்டுவதற்காக 1844இல் அமெரிக்கத் தென்மாநிலங்களுக்குத் தூது அனுப்பி, அடிமைகளை வைத்து வேலைவாங்கிய சபையார்களிடமிருந்து ஏறத்தாழ 3,000 பவுன் நன்கொடை பெற்றது. தாமே அடிமையாயிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1846இல் ஸ்காட்லாந்தின் ஊர் ஊராகச் சென்று, அந்தப் பணத்தைத் திருப்பியனுப்புங்கள் என்று முழங்கினார்; சபை திருப்பியனுப்பவில்லை. தன் கழுத்தின்மேல் வந்து விழுந்த மனிதச் சட்டத்தை மட்டும் தெய்வப் பிரமாணத்தால் எதிர்ப்பதும், பிறர் கழுத்தின்மேல் கிடக்கும் சட்டத்தைக் கண்டும் காணாமலிருப்பதும், எல்லாச் சமயத்தாருக்கும் எக்காலத்தும் நேரும் பெரும் சோதனை. செங்கற்பட்டிலும் அந்தச் சோதனை வந்தது. வந்து, அரை நூற்றாண்டு காத்திருந்தது.

தொண்டைமண்டலத்து நிலவுரிமையைச் சற்று விளக்கினாலன்றி மேற்கொண்டு நடந்தவை வாசகர்களுக்கு விளங்கமாட்டா. சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை மிராசு பாத்தியதை பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 1818இல் அச்சேறின. ஒவ்வொரு கிராமமும் இத்தனை பங்கு என்று வகுக்கப்பட்டு, அப்பங்குகளை உடைய மிராசுதாரர்களுக்கு நன்செய் புன்செய் மட்டுமன்றித் தரிசும் தோப்பும் நத்தமும் பாத்தியப்பட்டிருந்த முறையையும், பிறர் பயிரிட்டால் அவர்களிடமிருந்து சுதந்தரம் என்ற பெயரால் ஒரு பகுதி தானியம் பெறும் வழக்கத்தையும், வேளாளர் மிராசுகளில் பறையர்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாகப் பிணைக்கப்பட்டிருந்ததையும் அதில் காண்கிறோம். மண்ணை உழுது, நாற்று நட்டு, ஏரிக்கரை காத்து, களத்தில் போரடித்துத் தந்த மக்களுக்கு அந்த மண்ணில் ஒரு முழ அகலம்கூட எழுத்துப்படி உரிமை கிடையாது.

1843ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஏற்பாட்டைத் தொடவேயில்லை. அடிமைத்தனத்தை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்றதே தவிர, அடிமையாயிருந்தவன் நாளைக் காலையில் எங்கே நிற்பான் என்று அது கேட்கவில்லை. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் மனிதனை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது; ஆனால் கலியாணத்திற்கோ கருமாதிக்கோ பெற்ற சிறு தொகைக்காகப் பண்ணையாள் எழுதிக் கொடுத்த கடன் சீட்டு, பழைய விலங்கின் வேலையை ஒழுங்காகச் செய்துவந்தது. 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டமோ, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப்போகும் தொழிலாளியை மாஜிஸ்டிரேட்டின் கட்டளையால் மீண்டும் வேலைக்கு இழுக்கவும், மறுத்தால் மூன்று மாதம்வரை சிறையிலடைக்கவும் வகைசெய்தது. அக்குவினாவின் உரைகல்லில் உரைத்தால் இவற்றில் எது சட்டம், எது பலாத்காரம் என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சூறையாடிய பின்னரே, நகரப் பள்ளிகளில் மேற்குலத்து இளைஞர்களின் உள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்த மிஷனரிமார்களின் கால்கள் சேரிகளை நோக்கித் திரும்பின. செங்கற்பட்டில் சுதந்தரத் திருச்சபையின் சார்பில் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் சபையின் சார்பில் வில்லியம் கௌடியும் 1880களில் கிராமம் கிராமமாகச் சென்றார்கள். ஞானஸ்நானம் கேட்டு வந்த குடும்பங்களுக்கு அவர்கள் பத்துக் கட்டளைகளைக் கற்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாகாது என்றார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார்கள். இந்த எளிய போதனைகளே மிராசுதாரரோடு மோதலுக்கு வித்தாயின. ஞாயிற்றுக்கிழமை நாற்றங்காலுக்கு வராத படியாளிடமும், மாடு மேய்க்கும் பையனைப் பள்ளிக்கு அனுப்பிய தகப்பனிடமும் யாரும் வேதாந்த விவாதம் செய்யவில்லை. ‘மண் என்னது, உன் கூரையைப் பிரித்துக்கொண்டு போ’ என்ற ஒரு வாக்கியம் போதுமானதாயிருந்தது. மூங்கிலும் பனையோலையும் குடிசைக்காரனுக்குச் சொந்தம்; அவை ஊன்றிய நிலம் சேரி நத்தம், மிராசுதாரரின் அனுபோகம். மழைக்காலத்தில் மனைவி மக்களோடு ஓலையைச் சுமந்துகொண்டு எங்கே போவது? ஆகவே அவன் திங்கட்கிழமை வந்து மன்னிப்புக் கேட்டான். அடுத்த ஞாயிறு நாற்றங்காலுக்குப் போனான்.

சேரியைவிட்டு வெளியே ஒரு துண்டுத் தரிசைப் பிடித்து எழுந்து நிற்கலாம் என்றால், அதற்கும் தர்க்காஸ்து விதிகள் குறுக்கே நின்றன. தரிசு நிலம் வேண்டுமென்று தாசில்தாரிடம் ஒருவன் மனுக் கொடுத்தால், அது கிராமத்திற்கு வரும்; கர்ணம் விளம்பரப்படுத்துவார்; மிராசுதாரர் தமக்கு முன்னுரிமை உண்டென்று ஆட்சேபம் எழுதித் தருவார்; நிலம் அவர் பெயருக்கே போகும். அவர் அதை உழவேண்டும் என்ற அவசியமும் இல்லை. தீர்வையைக் கட்டிவிட்டுச் சும்மா போட்டு வைத்தாலும் போதும், கூலிக்கு ஆள் கிடைப்பது நிச்சயம். மனுக் கொடுத்தவனுக்கு மிஞ்சியது முத்திரைச் செலவும் ஊராரின் பகையுமே.

இவற்றைக் கண்ணால் கண்ட ஆண்ட்ரூவும் கௌடியும் அரசாங்கத்திற்கு எழுதத் தலைப்பட்டனர், பத்திரிகைகளில் எழுதினர், சென்னை மிஷனரி மாநாட்டின் வாயிலாக 1891இல் விண்ணப்பம் சென்றது. குடியிருக்கும் மனையைக் குடியிருப்பவனுக்கே உரிமையாக்குங்கள், தரிசைப் பயிரிட விரும்பும் பறையனுக்குத் தடையின்றிக் கொடுங்கள் என்பதே அவர்கள் கேட்டதன் உயிர்நாடி. அப்போது செங்கற்பட்டு ஜில்லாவின் கச்சேரி சைதாப்பேட்டையில் இருந்தது. அங்கே கலெக்டர் பொறுப்பு வகித்த ட்ரெமென்ஹீர், சேரிகளின் நிலையை நுணுகி ஆராய்ந்து, அதே ஆண்டு அக்டோபரில் தம் குறிப்பை அரசுக்கு அனுப்பினார். உணவு, உடை, வீடு, கடன், கூலி, கல்வி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அடிமைத்தனம் ஒழிந்துவிட்டது என்ற சர்க்காரின் நம்பிக்கை காகிதத்தோடு நின்றுவிட்டதை அவர் மறைக்காமல் எழுதினார். வருவாய் வாரியத்தின் அதிகாரிகள் இக்குறிப்பை ஆர்வத்தோடு வரவேற்கவில்லை. அவர் கேட்டவற்றில் பலவும் குறைக்கப்பட்ட பின்னர், 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி 1010, 1010ஏ என்ற எண்களையுடைய வருவாய்த்துறை உத்தரவுகள் பிறந்தன. இன்று பஞ்சமி நிலம் என்று தமிழ்நாடு முழுதும் வழங்கும் உரிமையின் ஆதிமூலம் அதுவே. அந்நிலத்தை முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கலாகாது, அதன் பின்னும் தம் வகுப்பாரன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை பின்னாள் ஒப்படைப்புக்களில் நிலைபெற்றது.

ஆண்ட்ரூவின் செயலை எப்படி மதிப்பிடுவது? பேதுருவைப்போல் அவர் சிறைக்குச் செல்லவில்லை. 1843இன் குருமார்களைப்போல் வீட்டைத் துறக்கவில்லை. ஆளும் இனத்தின் ஒருவராக, ஆளும் இனத்தின் அதிகாரிகளுக்கு மனு எழுதினார். அதனாலேயே அவர் பணியைச் சிறிதென்று தள்ளுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. தெய்வ நீதியை மனிதச் சட்டத்தின் எதிரியாக நிறுத்தாமல், அதன் தராசாக நிறுத்தி, உன் சட்டம் ஒழித்ததாகச் சொன்ன அடிமைத்தனம் இதோ இந்தக் குடிசைக்குக் கீழே இருக்கிறது, குனிந்து பார் என்று அரசுக்குக் காட்டியது கிறிஸ்தவ போதனையின் சுத்தமான பிரயோகங்களில் ஒன்று. அதே வேளையில், சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகே அவர் முயற்சியால் உருவான மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தில் மக்களுக்கு நிலமும் நீரும் கைத்தொழிலும் கிடைத்தன என்றாலும், நிர்வாகம் மிஷனின் கையிலேயே இருந்தது. மிராசுதாரரிடமிருந்து விடுபட்டவன், மிஷனின் தயவால் வாழ்கிறவனாக அன்றித் தன் உரிமையால் வாழ்கிறவனாக ஆகவேண்டும் என்ற அடுத்த படிக்குச் சபை தயங்கியே ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் சாதி பிரித்த கல்லறைச் சுவர்களையும் கோயிலுக்குள் சாதிவாரியாக அமர்ந்த வரிசைகளையும் நினைக்கும்போது, 1838இல் ஆண்டர்சன் நின்ற இடத்தில் அவருக்குப் பின்வந்த எல்லோரும் நிற்கவில்லை என்று சொல்லியே ஆகவேண்டும்.

இவ்வளவையும் வெளிநாட்டார் வந்து செய்த புண்ணியம் என்று எண்ணிவிடுவதும் தவறு. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், இதே ஆண்டுகளில் பறையர் மகாஜன சபையை அமைத்து, 1893இல் ‘பறையன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, தம் மக்களின் குறைகளைத் தம் மக்களின் வாயாலேயே அரசுக்கு உரைத்தார். அவர் கிறிஸ்தவராகவில்லை, ஞானஸ்நானத்தை நிபந்தனையாக்காத நீதியையே வேண்டினார். மிஷனரி கேட்டபோது அது கருணை விண்ணப்பமாயிருந்தது. கோழியாளத்தார் கேட்டபோது அது வழக்காயிற்று. சட்டமன்றத்தில் இடம்பெற்ற பின் 1924இல், பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்தவை என்ற தீர்மானத்தை அவர் நிறைவேற்றியதை வேறொரு பகுதியில் விரிவாகக் காண்போம்.

1892இல் கொடுக்கப்படத் தொடங்கிய நிலத்தின் பெரும்பகுதி நூறாண்டுக்குள் கைமாறிப் போயிற்று. கடன், மிரட்டல், வெற்றுக் காகிதத்தில் வாங்கிய கைநாட்டு, பட்டா மாற்றத்தில் காட்டிய அலட்சியம் ஆகியவை நிபந்தனையைத் தின்றுவிட்டன. மனை விலை ஏறியபின், மாமல்லபுரம் வட்டாரத்தில் அந்நிலங்களைக் கேட்பது ஆபத்தான காரியமாயிற்று. மாமல்லபுரத்திற்கு அருகேயுள்ள காரணை என்ற கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கவேண்டி மக்கள் திரண்டனர். அங்கே நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி செங்கற்பட்டில் கூடியவர்கள்மேல் போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டனர். அரசாங்கம் தானே எழுதிய நிபந்தனையை நிறைவேற்றுக என்பதற்கு மேல் அவர்கள் வேறொன்றும் கேட்கவில்லை.

செங்கற்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், திருப்போரூர்ப் பக்கங்களில் பாட்டன் காலத்துப் பட்டாவோ, தீர்வை ரசீதோ, ஒப்படைப்பு உத்தரவோ வீட்டுப் பெட்டியில் வைத்திருக்கும் வாசகர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அவற்றை எடுத்து, தாலுகா அலுவலகத்து ‘அ’ பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நில ஒப்படைப்பு நிபந்தனைக்கு உட்பட்டது என்று அதில் கண்டிருந்தால், அந்த நிலம் இப்போது யார் கையிலிருந்தாலும், சான்று பெற்ற நகல் ஒன்றை வாங்கி, அவ்வூர்ச் சேரியின் பெரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கோயிலில் வேதம் வாசிப்பவர்களுக்கு இந்தக் கடமை இரட்டிப்பு.